புகைபோக்கி இல்லாத நெருப்பு

இத்தாலியின் தெற்கே, பலேர்மோவில் குளிரே இல்லை என்று சொல்பவர்கள், கோடையில் கப்பலில் வந்து இறங்கி, ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, அதே கப்பலில் ஏறிப் போனவர்கள். ஜனவரியில் இங்கே ஒரு பழைய வீட்டுக்குள் இருந்து பார்க்க வேண்டும். தெருவில் வெயில் அடிக்கும், வீட்டுக்குள் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகள் இன்னும் மோசம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே கூரை, தரை முழுக்கப் பளிங்கு, எந்தக் கதவைச் சாத்தினாலும் எங்கிருந்தோ ஒரு காற்று. வசதியான மனிதர்கள் வசதியாக இருந்து நடுங்குகிற இடம் அது.

அப்படி ஒரு வீட்டில்தான் என் மனைவி வேலை செய்தாள். நாங்கள் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். காலையில் பஸ் பிடித்துப் போய், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் வயதான வீட்டுக்கார அம்மாவைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, உணவு ஊட்டி, பொழுதுபட்டதும் வருவாள். இரவில் பார்த்துக்கொள்ள மேல்மாடியிலிருந்து மகன் இறங்கி வருவார்.

சிஞ்ஞோராவுக்குக் கண் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். காதும் அப்படித்தான். கிட்டப் போய்க் கத்தினால் சொல்வது விளங்கும், ஆனால் கத்தும்போது எல்லார் குரலும் ஒன்றுதானே. அதனால் அவர் ஆட்களைக் கையால்தான் அறிந்தார். கரண்டி வாய்க்கு வருவதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் கையைத் தடவிப் பார்ப்பார். என் மனைவியின் கை என்றால் வாய் திறக்கும். பெற்ற மகன் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடுவார். மகனுக்கு அதில் வருத்தம். என் மனைவிக்கு உள்ளுக்குள் பெருமை. "மூண்டு பிள்ளை பெத்து வளத்த மனிசி, என்ரை கையிலை மட்டும்தான் சாப்பிடுது" என்று வீட்டில் வந்து சொல்லுவாள். "எனக்கு ஒரு நாளும் ஊட்டிவிட்டதில்லை" என்பேன் நான். "உங்களுக்கு வாய் கனக்கத் திறந்துதானே கிடக்கு" என்பாள்.

நெருப்புக் கதை சிஞ்ஞோராவிடமிருந்துதான் தொடங்கியது. அவர் இருக்கும் பெரிய கூடத்தில் ஒரு சுவர் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். முன்னொரு காலத்தில் அங்கே விறகு எரிக்கும் கமினோ, அதாவது சுவர் அடுப்பு, இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதைக் கல் வைத்து அடைத்து, சாந்து பூசி, மேலே ஒரு மாதா படத்தையும் மாட்டிவிட்டார்கள். சிஞ்ஞோரா அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் கதிரையில் இருப்பார். ஒரு குளிர்காலத்தில், நெருப்பை மூட்டுங்கள், எனக்கு நெருப்புத் தெரியும், மற்றது ஒன்றும் தெரியவில்லை என்று ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினார். மகன் கரண்டில் ஓடும் ஹீட்டர் வாங்கி வைத்தார். சூடு வந்தது, ஆனால் சிஞ்ஞோரா அழுதார். அவருக்குச் சூடு மட்டும் போதாது. அசையும் வெளிச்சம் வேண்டும்.

பழைய கமினோவைத் திறந்து விறகு எரிக்க வழியில்லை. மேல்மாடியில் மகன் குளியலறை கட்டியபோது புகைபோக்கியைக் குறுக்கே வெட்டி அடைத்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் கடையொன்றில் இதைக் கண்டுபிடித்தார்: சுவருக்குள் பதிக்கிற இரும்புப் பெட்டி, நடுவில் தள்ளு மூடி வைத்த ஒரு தட்டு, தட்டில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தால் எரியும். புகை இல்லை, சாம்பல் இல்லை, புகைபோக்கி தேவையில்லை. சுவரில் வைக்க ஓர் ஆள் வேண்டும். சுவர் வேலை, சாந்து வேலை எல்லாம் நான் செய்பவன். என் மனைவி என்னைச் சொன்னாள்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. இதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு பலர் பல மாதிரிக் கேட்டார்கள். மாதா படத்தை இறக்கிவிட்டுச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனேன். கல் இருக்கும் இடத்தில் செத்த சத்தம் வரும், வெற்றிடத்தில் வேறு சத்தம் வரும். அந்த இடத்தில் உளியை வைத்தேன். கல்லை உருவ உருவப் பழைய கரி கொட்டியது. ஒரு புறாவின் எலும்பு வந்தது, கூடு வந்தது, யாரோ வேலை செய்தவன் போட்டுவிட்டுப் போன ஒரு போத்தல் வந்தது. சிஞ்ஞோராவைக் கரித்தூள் படாமல் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள் என் மனைவி. அங்கிருந்தே அவர், மூட்டியாச்சா, மூட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே திறந்திருந்த ஓட்டையை நெருப்புத் தாங்கும் பலகையால் அடைத்தேன். பெட்டிக்கும் கல்லுக்கும் இடையில் கல்லிலிருந்து செய்கிற, எரியாத பஞ்சைத் திணித்தேன். ரசமட்டம் வைத்துத் தட்டை நேர்ப்படுத்தினேன். தட்டு கொஞ்சம் சரிந்தாலும் ஸ்பிரிட் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். இப்படியான நெருப்பு அறையில் உள்ள காற்றைத்தான் தின்னும். ஆகவே வெளிச் சுவரில் துளை போட்டு, மூட முடியாத ஒரு கம்பி வலையும் வைத்தேன். அதனால் குளிர் வரும் என்று மகன் முணுமுணுத்தார். வந்தால் வரட்டும், மூச்சு வேணுமே என்றேன்.

கடைக்காரன் சொன்ன முக்கியமான விதி ஒன்று. எரியும்போது ஊற்றக்கூடாது. மூடியைத் தள்ளி நெருப்பை அணைக்க வேண்டும், தட்டு நன்றாக ஆற விட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். ஸ்பிரிட்டின் சுவாலை தணியும்போது பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. இல்லை என்று நினைக்கிற இடத்தில் இருக்கும். இதை நான் என் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். தட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் சொன்னேன்.

"நூர்த்துப்போட்டு, ஆறின பிறகுதான் ஊத்த வேணும். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சின்னப்பிள்ளை எண்டால் பயம் இருக்கும். உமக்கு அது இல்லை."

முதல் நாள் பற்ற வைத்தபோது நானும் நின்றேன். நீலமாக எழும்பி மெல்ல மஞ்சளானது. சிஞ்ஞோராவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கையை நீட்டிக்கொண்டு, அதோ அதோ என்றார். என் மனைவி தன்னையறியாமல் இரண்டு கையையும் நெருப்புக்குக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இதென்ன, கோயிலோ?" என்றேன். அவள் என்னை முறைத்துவிட்டு, சிஞ்ஞோராவின் கைகளையும் பிடித்து நெருப்புக்குக் காட்டி, அவர் கண்களில் ஒற்றிவிட்டாள். சிஞ்ஞோரா சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நெருப்பு எரிய முன் சாப்பிடமாட்டார். எரியத் தொடங்கினால் கோப்பை வெறுமையாகும்வரை சாப்பிடுவார். சந்தோசமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

தொல்லை எங்கே வந்தது என்றால், நெருப்பு முடியும்போது. மூடியைத் தள்ளினால் சிஞ்ஞோராவுக்கு உலகமே இருண்டுவிடும். என்னை ஏன் இருட்டில் விட்டீர்கள் என்று கத்துவார். தட்டு ஆறும்வரை கத்துவார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இது ஒன்று. மற்றது, எங்கள் வீடுகளில் சாமி விளக்கை எரிய எரியத்தான் பார்த்துக்கொள்வோம். எண்ணெய் குறைந்தால் அணைந்து நூர முன் விடுவோம். நூர விட்டால் மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். வாயால் ஊதுவதோ, மூடி போட்டு அமுக்குவதோ கிடையாது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவியின் கை, திரி சுருங்குவதைக் கண்டால் தானாகவே எண்ணெய்ப் போத்தலைத் தேடும். பேசிக்கொண்டே விடுவாள், டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டே விடுவாள். ஒரு சொட்டுச் சிந்தாது. இந்தக் கையைப் பற்றி யார் போய்க் கடைக்காரனுக்குச் சொல்வது? சொன்னாலும் அவனுக்கு விளங்குமா?

அது தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில் நேரம். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓடு பதித்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோராவின் மகன் டெலிபோன் எடுத்தார். அவர் சொன்னதில் ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான் காதில் ஏறியது. சாந்துக் கையோடு ஓடினேன்.

நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள், துண்டு துண்டாக. சிஞ்ஞோராவுக்கு மத்தியானச் சாப்பாடு பாதி முடிந்திருந்தது. நெருப்பு ஒரு மூலைக்குப் போய்ச் சின்னதாகிவிட்டது. சிஞ்ஞோரா அதைக் கவனித்துவிட்டு, போகிறது, போகிறது என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். என் மனைவி போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தாள். ஊற்றியதும் நெருப்பு அந்த ஒழுக்கைப் பிடித்துக்கொண்டு போத்தலுக்குள் ஏறியது. ஒரு பெருமூச்சு விட்ட மாதிரிச் சத்தம் என்றாள். வலது கை முழங்கைவரை எரிந்தது. தரையில் சிந்திய ஸ்பிரிட், சிஞ்ஞோராவின் கதிரைக் காலை நோக்கி எரிந்துகொண்டு ஓடியது. அவள் தன் கையை அணைக்கவில்லை. எரிகிற கையாலேயே கதிரையைப் பிடித்து அறையின் மறு கரைக்கு இழுத்தாள். அதற்குப் பிறகுதான் இடது கையால் வலது கையை அடித்தாள். கம்பளியைப் பறித்துச் சுற்றிக்கொண்டாள். சத்தம் கேட்டு மகன் இறங்கி வந்து தரை நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

சிஞ்ஞோராவுக்கு ஒரு கீறல் இல்லை. என்ன நடந்தது என்றும் தெரியாது. எவ்வளவு அழகான வெளிச்சம் என்று அவர் சொன்னதாக மகன் எனக்குச் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வெந்து கிடக்கிறவள்மேல் கோபப்படுகிறவன் மனிதனா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இரண்டு கைகளும் வெள்ளைத் துணியில் பொதி மாதிரிச் சுற்றப்பட்டு, தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சொல்லக்கூடாது சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்தும் சொல்லிவிட்டேன்.

"எத்தினை தரம் சொன்னனான் உமக்கு?"

"சொன்னனீங்கள்தான்."

"பிறகேன் ஊத்தினீர்?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நூரப் பாத்தது. மனிசி பயந்து நடுங்குது. நான் யோசிக்கேல்லை. கை போயிட்டுது" என்றாள். பிறகு, "மனிசி சாப்பிட்டு முடிக்கேல்லை, பாதியிலை விட்டுட்டு வந்திட்டன்" என்றாள். வெளியே போய் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இருந்து வாய்விட்டு அழுதேன். போலீஸ்காரர் இருவர் வந்து கேட்டார்கள். பெர்மெஸ்ஸோவுக்கு, எங்கள் வதிவிட அனுமதிக்கு, ஏதும் வருமோ என்று பயந்தேன். ஆனால் மகன் உள்ளதை உள்ளபடி சொன்னார். எந்த வில்லங்கமும் வரவில்லை. வந்திருந்தால் சண்டை பிடிக்க எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் வைத்தார்கள். முதலில் விரல்கள் மடங்கவில்லை. ரப்பர்ப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அவள் பந்தை விட்டுவிட்டுக் கரண்டி கேட்டாள். கரண்டியைப் பிடிப்பதும் விழுத்துவதும்தான் அவளுடைய நாள். வலது உள்ளங்கையில் தோல் தடித்து, வரப்பு வரப்பாய் ஏறி நின்றது. இடது கை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதிலும் விரல் நுனிகள் மினுமினுப்பாக, கோடே இல்லாமல் ஆகிவிட்டன. இன்னும் மென்மையாகுமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். வேலை செய்யும், மென்மையாகாது என்றார்.

அந்த மாதங்களில் சிஞ்ஞோராவின் மகன் வேறு ஆட்களை வைத்துப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்த மொரீசியஸ்காரப் பெண் ஒருத்தி நல்ல பொறுமைசாலி. அவள்கூட ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. சிஞ்ஞோரா கையைத் தடவுவார், தள்ளிவிடுவார், பல்லைக் கடிப்பார். பசி தாங்காத நேரத்தில் பாலும் அதில் கரைத்துக் கொடுக்கிற சத்துமாவும் மட்டும் குடிப்பார். உருகிப் போகிறார், எப்போது வருவாள் என்று மகன் டெலிபோனில் கேட்டார். என் மனைவி எழும்பி உட்கார்ந்த நாளிலிருந்து இதே பேச்சுத்தான். "நான் போனால் சாப்பிடும். என்ரை கை பட்டால் சாப்பிடும்." நான் மறித்துப் பார்த்தேன். அந்த வீட்டு வாசலை மிதிக்கவே எனக்கு மனம் இல்லை. "நீங்கள் வேணுமெண்டால் வராதேங்கோ. நான் போறன்" என்றாள். வெந்ததெல்லாம் வீண் போகக்கூடாது என்று அவள் நினைத்திருக்கலாம். அந்த மனிசிக்காகத்தான் கை போனது. அந்த மனிசி பட்டினி கிடந்து செத்தால் கை சும்மா போனதாகிவிடும்.

கோடை முடிந்ததும் இருவருமாகப் போனோம். பெட்டியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பழையபடி அடைத்துத் தரும்படி மகன் என்னைக் கேட்டிருந்தார். நான் இரும்பை உருவி வெளியே வைத்துவிட்டு, கல்லை அடுக்கத் தொடங்கினேன். சிஞ்ஞோராவின் கதிரையை ஜன்னல் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டார். கழுத்து நரம்பு தனியாகத் தெரிந்தது.

என் மனைவி சூப்புக் கோப்பையோடு போய், முன்னால் முழங்காலில் இருந்தாள். பழைய வழக்கப்படி முதலில் தன் கையை அவர் மடியில் வைத்தாள். சிஞ்ஞோராவின் விரல்கள் அதைத் தேடி வந்து பிடித்தன. உடனே விட்டுவிட்டன.

"யார் இது?"

"நான்தான், சிஞ்ஞோரா! நான் வந்திட்டன்!" என்று காதுக்குள் கத்தினாள்.

சிஞ்ஞோரா திரும்பவும் அவள் கையைப் பிடித்தார். இம்முறை அவசரப்படவில்லை. உள்ளங்கையைத் தடவினார், ஒவ்வொரு விரலாகப் போனார். அடுத்த கையையும் கேட்டு வாங்கித் தடவினார். நான் கையில் சாந்தோடு அப்படியே நின்றேன்.

"இல்லை. நீ அவள் இல்லை" என்றார். வாயை இறுக்கிக்கொண்டார்.

என் மனைவி இன்னும் இரண்டு தரம் கத்தினாள். தன் பெயரைச் சொன்னாள். சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்கிறவர்களுக்கு முன்னால் இருப்பதுபோல் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டார். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன், வாரும், போவம் என்று. அதற்கு முன் அவள் திரும்பவும் காதருகே குனிந்தாள்.

"புது ஆள், சிஞ்ஞோரா. நான் புதுசா வந்திருக்கிறன்."

சிஞ்ஞோராவின் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. "முன்பு இருந்தவள் எங்கே?"

"ஊருக்குப் போயிட்டா."

"சொல்லாமல் போனாள்."

"அவசரமாப் போகவேண்டி வந்திட்டுது. உங்களைச் சாப்பிடச் சொல்லிப்போட்டுத்தான் போனவ."

"அவள் சொன்னாளா?"

"ஓம், சிஞ்ஞோரா. என்னட்டைச் சொன்னவ."

சிஞ்ஞோரா நெடுநேரம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தார், முழுதாக இல்லை, கரண்டி நுழையும் அளவுக்கு. என் மனைவி ஊட்டினாள். நான் சுவரை முழுக்கப் பூசி முடித்தேன், கண்ணீர் மறைத்ததால் ஒரு பக்கம் சரியாக வரவில்லை. இன்னொரு நாள் போய்த் திருத்தினேன்.

இப்போதும் அவள் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். சிஞ்ஞோரா சாப்பிடுகிறார், கொஞ்சம் உடம்பும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு நடுவில், ஊருக்குப் போனவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாராம். "நீர் என்ன சொல்லுவீர்?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுகமா இருக்கிறாவாம் எண்டு சொல்லுவன்" என்றாள்.